பெண் பார்க்க வந்த நாளில் ஒரு ரைபிள்

ஒரு பொருளைப் பார்த்தவுடன் ஒருவனுக்குக் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டால், அவன் அதை வாங்காமல் வீடு திரும்ப மாட்டான். மற்றவர்களுக்கு இது நகைக்கடையிலோ மோட்டார் சைக்கிள் கடையிலோ நடக்கும். எனக்கு ரங்கூனின் வடக்கு ஓரத்தில், ஷ்வேப்யிதாவில், ஒரு கப்பல்காரர் வீட்டுக் கட்டிலருகே நடந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சம். எனக்கு இருபத்து மூன்று வயது. மூளைக்குப் பன்னிரண்டு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மூன்று சிநேகிதர்களும் அந்தப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி கோடவுனில் பொம்மைத் துப்பாக்கி வைத்துச் சண்டை போடுவோம். எங்கள் பிளாஸ்டிக் துப்பாக்கியின் குண்டு நாலு எட்டு தூரம் போய், களைத்து, கீழே விழும். (நெஞ்சில் பட்டாலும் 'படவே இல்லை' என்று சாதிப்பவன்தான் ஒவ்வொரு வாரமும் ஜெயிப்பான். பெரும்பாலும் அது நான்தான்.)

கப்பல்காரர் கோ ஸோ, தாய்லாந்திலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கம்பளியை இழுத்துப் பிரித்தார்.

யுத்தகாலத்து வெள்ளைக்காரச் சிப்பாயின் ரைபிள். அசல் அல்ல, அச்சு அசலான நகல். கேஸ் நிரப்பினால் பிளாஸ்டிக் குண்டைச் சுடும். கனத்த மரக்கட்டை, எண்ணெய் பூசிய இரும்பு, தோல் வார். கையில் வாங்கினேன். கைக்குழந்தையை முதன்முதலாக வாங்குகிறவனைப்போல மார்போடு அணைத்துக்கொண்டேன். துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளியபோது எழுந்த 'க்ளக்' சத்தத்தை இன்றைக்கும் என்னால் காதில் வரவழைக்க முடியும். கோ ஸோ முற்றத்துக் கோடியில் ஒரு பால் டப்பாவை வைத்துச் சுட்டார். டப்பாவில் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. நாங்கள் இருவரும் ஓட்டைகளின் வழியே மாறி மாறி வானத்தைப் பார்த்தோம்.

விலையாக என் சைக்கிளும் கேமராவும் அங்கேயே நின்றுவிட்டன. ரைபிள் ஒரு பிளாஸ்டிக் பாய்க்குள் சுருண்டு என் தோளில் ஏறியது.

"கேஸ் ஃபுல்லா இருக்கு. வெயில்ல காட்டாதே தம்பி" என்று பர்மியத்தில் சொல்லி அனுப்பினார் கோ ஸோ. நான் சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட லைன் கார் பஸ்ஸில், எங்கள் வீடு இருந்த மிங்கலா தாங்ஞுன்ட் வரை நின்றுகொண்டே வந்தேன்.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத்தான் என் அக்கா ஜமீலா லாத்தாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காலையில் உம்மா என்னை அனுப்பியது ரவைப் பலகாரம் வாங்கிவர. வாப்பா இறந்த பிறகு கடையையும் எங்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி இழுத்தவர் உம்மா. நல்ல இடம், லாத்தாவுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஜமீலா லாத்தாவோ, வந்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் 'வாயாடி' என்று தள்ளிவிட்டவர். (அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.)

மாடி ஏறி, ஓசைப்படாமல் சமையலறைக்குள் நழுவிவிடலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை யூசுப், அவருடைய வாப்பா, உம்மா. யூசுப் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுபவர். ஒல்லியான உடம்பு. வந்ததிலிருந்து தலையை ஆட்டியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லையாம்.

என் உம்மா சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "பலகாரம் எங்கேடா?"

"இல்லேம்மா... பாய் வாங்கிட்டு வந்தேன்."

"பாயா?"

"விருந்தாளிங்க உக்கார."

எல்லோரும் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாயைச் சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் அது பேச ஆரம்பித்தது.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

வெயிலில் வெந்த கேஸ், வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா பாயைப் பார்த்தார். பாய் மறுபடியும் சீறியது.

"அமலே! ம்வே! ம்வே!" என்று அலறினார். பாம்பு என்றால் பர்மியத்தில் ம்வே. அடுத்த கணம் அந்த அம்மாவும் அவர் கணவரும் நாற்காலி மேல் நின்றார்கள். என் உம்மா தஸ்பீக் மணிமாலையைப் பிடித்தபடி கட்டிலில் ஏறினார். 'பாம்பு இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு என்ன என்று கேட்பார்களே என்ற யோசனையில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

யூசுப் எழுந்தார். லோஞ்சியை மடித்துக் கட்டினார். கதவுக்குப் போடும் இரும்புக் கம்பியை எடுத்தார். அந்த ஒல்லி உடம்புக்குள் அப்படியொரு ஆள் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஓர் அடி. இரண்டாவது அடியில் மரம் பிளக்கும் சத்தம். மூன்றாவது அடிக்கு, 'டமார்!'

கேஸ் மொத்தமும் ஒரே மூச்சில் வெடித்து வெளியேறியது. ஒரு வெள்ளைக் குண்டு பறந்துபோய் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது. பாய் மெதுவாக அவிழ்ந்தது.

உள்ளே ரைபிள்.

கட்டை இரண்டாகப் பிளந்து, தாழ்ப்பாள் கோணிக் கிடந்தபோதும் அது பிரமாதமாகவே இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா நாற்காலியில் நின்றபடியே, "மாஷா அல்லா" என்றார், அது பொருத்தமா என்று யோசிக்காமல்.

கீழ்வீட்டில் குடியிருந்தவர் எங்கள் வார்டுத் தலைவர் ஊ மின். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ராணுவ ஆட்சி நடந்த அன்றைய ரங்கூனில் வீட்டில் பாம்பு இருந்தால் மனிதர்கள் உதவிக்கு வருவார்கள். துப்பாக்கி இருந்தால் மனிதர்களையே கொண்டுபோவார்கள். அது பொம்மை என்று நிரூபிப்பதற்குள் என் தலை நரைத்துவிடும்.

அந்த நேரத்தில் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு லாத்தா வந்தார். பெண் பார்க்கும் அலங்காரத்தோடு நேரே நடந்து, பாயை ரைபிள் மேல் இழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை சொன்னார்:

"உக்காருங்க."

யூசுப் அந்தப் பாயின் மேல் உட்கார்ந்தார். தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன சத்தம்?"

லாத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, சுத்தமான பர்மியத்தில்:

"பாம்புங்க. அடிச்சேன். செத்துச்சான்னு தெரியல. எனக்குக் கீழேதான் இருக்கு."

தலைவர் ஊ மின், பாம்பு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பள்ளிவாசலிலோ பகோடாவிலோகூட அவ்வளவு பக்தியை நான் கண்டதில்லை. கைகூப்பாத குறையாகப் பின்புறமாகவே நடந்து இறங்கிப் போனார்.

கதவு சாத்தியதும் லாத்தா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்காடு நழுவ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். யூசுபும் சிரித்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு மட்டும் எழவில்லை.

அடுத்த மாதம் நிக்காஹ். ரைபிளின் மரக்கட்டையை உம்மா மறுநாளே அடுப்பில் வைத்தார். என் சைக்கிளும் கேமராவும் சேர்ந்து எரிந்ததில் ஒரு பானை சோறு வெந்தது. இரும்பை மச்சான் யூசுப் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனார். எங்கே போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் அதற்குப் பிறகு கோடவுன் பக்கம் போகவில்லை.

மச்சான் இப்போதும் அதிகம் பேசுவதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது "உங்க வீட்டுக்காரர் என்ன செய்றார்?" என்று கேட்டால், அவருக்கும் சேர்த்து லாத்தாதான் பதில் சொல்வார்:

"கணக்கு எழுதுறார். வாலிபத்துல வேட்டைக்காரர்."

"அப்படியா! துப்பாக்கி வச்சா வேட்டையாடுவார்?"

"இல்லே," என்பார் லாத்தா. "துப்பாக்கியத்தான் வேட்டையாடுவார்."