சமையலறைக்குப் போன எருமைக்கொம்புக் கத்தி

"என் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஏழு கத்திகளில் ஒன்றுகூட, என் உயிர் உள்ளவரை வெங்காயத்தைத் தொடாது!"

இப்படி ஒரு சபதம் எடுத்தேன். எடுத்தபோது வீட்டில் யாரும் இல்லை. எனக்குத் தைரியம் அப்போதுதான் வரும்.

நான் பழங்காலக் கத்தி சேர்ப்பவன். ஒரு கத்தியைக் கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். பிடியில் இருக்கும் ஆணி கையால் தட்டியதா, மெஷினில் வந்ததா? துரு இரும்பைத் தின்றிருக்கிறதா, பவுடர் போட்ட மாதிரி மேலாக உட்கார்ந்திருக்கிறதா? கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்திருந்தால் அசல். எல்லா இடமும் சமமாகத் தேய்ந்திருந்தால், எவனோ நேற்றுதான் உப்புத்தாள் போட்டிருக்கிறான். இதையெல்லாம் சாப்பிடும்போது மனைவிக்கு விளக்குவேன். அவள் காதில் வாங்குவதே இல்லை என்று வருத்தம்.

பெட்டிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. குளிக்கும்போதும்தான்.

அவளுடைய வருத்தம் வேறு. சமையலறையில் இருந்தது ஒரே கத்தி. அது தக்காளியை வெட்டாது, நசுக்கும்.

"என்னங்க, அந்த எருமைக்கொம்புப் பிடி போட்டதை எனக்குக் குடுங்களேன்."

"அதுக்கு நூத்தம்பது வயசு!"

"என் கத்திக்கும் வயசாயிடுச்சு. அதைப் பெட்டிக்குள்ள வெச்சுக்குங்க."

"உனக்குப் புதுசு வாங்கித் தரேன்."

"இப்படிச் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் சந்தைக்குப் போறீங்க. பழசோட திரும்பி வரீங்க."

ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். அவரும் கத்தி சேர்ப்பவர். நான் எப்போது சறுக்குவேன், எப்போது சந்தை முழுக்கச் சொல்லலாம் என்று காத்திருப்பவர். மனைவி காபியை வைத்தாள்.

"டாக்டர், நீங்கதான் சாட்சி. இந்தப் பெட்டியில ஒண்ணு நான் பண்ணின போலி."

எனக்குக் காபி புரையேறியது. "என்னது!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? வினிகர்ல ஊறப்போட்டு, பிடிக்கு டீத்தண்ணி காட்டி, பூந்தொட்டியில புதைச்சு எடுத்தா நூறு வருஷம் ஏறிடும்னு. எதுன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சிட்டா இனிமே உங்க கத்தியைக் கேக்கவே மாட்டேன். அந்தப் போலியை மட்டும் காய் நறுக்கக் குடுத்துடுங்க."

"கண்டுபிடிக்கலைன்னா?" என்று டாக்டர் ஆவலாகக் கேட்டார்.

"அப்புறம் இவர் நிபுணர்னு யாரும் சொல்லக்கூடாது."

என் மானம் ஊசலாடியது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதல் கத்தி நல்ல கத்திதான். ஆனால் துரு கொஞ்சம் சிவப்போ? மூன்றாவதில் ஆணி ரொம்ப உருண்டையோ? சந்தேகம் வந்துவிட்டால் கூடப்பிறந்த தம்பிகூடப் போலியாகத்தான் தெரிவான்.

பிறகு மூளை வேலை செய்தது. அவள் கண் வைத்தது எதன் மேல்? எருமைக்கொம்பின் மேல். எடுத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள்!

"இதுதான்!" என்று அதைத் தூக்கினேன். "தேய்மானம் ஒரே சீரா இருக்கு. துரு மேலாப்புல நிக்குது. அப்பட்டமான வினிகர் வேலை."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். "ஆமா, சொத்தை வேர் வரைக்கும் போகலை" என்று ஒத்துக்கொண்டார்.

"அடேயப்பா, உங்க கண்ணை ஏமாத்த முடியுமா?" என்று மனைவி கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உடனே டக் டக் டக் என்று சத்தம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டருடைய முகம் சுருங்கியதைப் பார்த்து இன்னும் நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சோடு சமையலறைக்குப் போனேன். தக்காளி, கண்ணாடிபோல மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது.

"சரி, அசலை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"எந்த அசல்?"

"நீ பெட்டியிலேர்ந்து எடுத்தியே, அது."

"நான் எப்படிங்க எடுப்பேன்?" என்றாள் மெதுவாக. "சாவி உங்க இடுப்புலல்ல இருக்கு?"

தடவிப் பார்த்தேன். இருந்தது.

அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் அழகாகத் தேய்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"என்ன சார், அசல் கிடைச்சுதா?" கூடத்திலிருந்து டாக்டர் குரல். உண்மையைச் சொன்னால் கத்தி திரும்பிவிடும், நிபுணர் பட்டம் போய்விடும்.

"கிடைச்சுடுச்சு டாக்டர். பத்திரமா இருக்கு."

மனைவி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க, அப்படியே பழம் வெட்டவும் சின்னதா ஒரு போலி இருக்கான்னு பாருங்களேன்."