விக்காக் குடிக்கு ஒரு பானை

தனக்கு அரைகுறையாக விளங்கிய ஒன்றை ஊருக்கே விளங்கப்படுத்தும் துணிச்சல் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. எனக்கு உண்டு. இருபத்துமூன்று வயதில், கழுத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று ஓர் அட்டையும் தொங்கியதால் அது கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

சுனாமிக்கு அடுத்த வைகாசி. செட்டிபாளையத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓர் ஊர் (பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்). உடைந்த தோணிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை அங்கே ஹெலன் என்ற ஆங்கிலேயப் பெண் நடத்திக்கொண்டிருந்தார். பாதித் தோணிகள் முடிந்திருந்தன, பாதி கரையில் கவிழ்ந்து கிடந்தன. நான் அவருடைய வாய். மட்டக்களப்பு டவுனில் மெதடிஸ்ட் சபையில் ஆங்கிலப் பாட்டுப் பாடி வளர்ந்தவள் என்பதே என் முழுத் தகுதி.

அரிசி மூட்டையோடு ஜெபப் புத்தகமும் கொண்டுவந்த சிலரை ஊர் ஏற்கெனவே பார்த்திருந்தது. ஹெலனும் மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று கதை பரவியது. அம்மன் கோயில் வண்ணக்கர், அதாவது கோயிலை நிர்வகிப்பவர், எங்களைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். பதில் சரியில்லை என்றால் ஹெலன் ஊரை விட்டுப் போக வேண்டும். தோணிகள் அப்படியே கிடக்கும். என் முதல் வேலையும் முதல் மாதத்திலேயே முடியும்.

உங்கள் சமயம் என்ன என்று கூட்டத்துக்கு முதல் நாளே ஹெலனிடம் கேட்டேன். விக்கா என்றார். அது பேகன் வழிகளில் ஒன்றாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது (ஞாயிறு பாடசாலையில் நாங்கள் யாருக்காக ஜெபித்தோமோ, அந்தப் பாவப்பட்ட கூட்டத்தின் பெயர் அது). ஹெலன் சிரித்துக்கொண்டே விளக்கினார். பேகன் என்பது பல வழிகளுக்குப் பொதுப் பெயர். வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர்கள், மரத்தோப்பில் சடங்கு செய்பவர்கள், எதிலும் சேராமல் தனியே செய்பவர்கள் எல்லோரும் அதற்குள் வருவார்கள். விக்கா அதில் ஒன்று மட்டுமே. பார்க்கப் பழையது மாதிரி இருந்தாலும் அவருடைய தகப்பன் காலத்தில்தான் இங்கிலாந்தில் உருவானது. ஒரு பெண் தெய்வம், ஓர் ஆண் தெய்வம், பூரணை நாள், பருவத்துக்குப் பருவம் ஒரு பண்டிகை. ஆள் சேர்க்க அலைவதில்லை.

இவ்வளவையும் கோயில் முன்றலில் சொல்ல வேண்டும். நூறு பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அந்த ஞானோதயம் வந்தது: பேகன் என்பது ஊர், விக்கா அதில் ஒரு குடி.

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி வரும் கூட்டம். தாயின் குடிதான் பிள்ளைக்கு. கோயிலில் யாருக்கு என்ன பங்கு என்பதும் குடிப்படிதான். ஆகவே எல்லோர் முகத்திலும் தெளிவு வந்தது. சிலர் தலையாட்டினார்கள். நான் ஹெலனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

வண்ணக்கர் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப இவட தாயும் விக்காக் குடிதானே, மகள்?"

ஹெலனிடம் கேட்டேன். தாய் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவராம். ஹெலன்தான் முப்பது வயதில் விரும்பிச் சேர்ந்தாராம். இதை அப்படியே விழுங்கியிருக்கலாம். ஆனால் உண்மையுள்ள மொழிபெயர்ப்பாளர் அல்லவா நான்! ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்தேன்.

முன்றல் கொதித்தது. குடிக்கு ஒருத்தர் விரும்பிச் சேர்வதா? அந்தக் கோயிலில் பங்கில்லாத குடியைச் சேர்ந்த சாமித்தம்பி எழுந்து, இன்று முதல் தான் வண்ணக்கரின் குடி என்று அறிவித்தார். அவருடைய மச்சான் இரண்டு குடி கேட்டார். ஊரைக் குலைக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று ஒரு குரல் வந்தது. கடைசியில் வண்ணக்கர் கையை உயர்த்தி, தோணியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்போது பூமணி அக்கா எழுந்தார். அவருடைய இரண்டு மகள்மாரையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தக் குடியில் அவ்வூரில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். வைகாசித் திருவிழாவில் பொங்கல் பானையை ஒரு குடியின் மூன்று பெண்கள் சேர்ந்து வைப்பது அந்தக் கோயில் வழக்கம். அதனால் இந்த வருடம் தன் குடிக்குப் பானை இல்லை என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

"அவட ஆக்களில ஒருத்தி தனிச்சுப் போனா என்ன செய்வாங்க எண்டு கேள் புள்ள," என்றார்.

கேட்டேன். விருப்பமுள்ளவர்கள் வந்து பக்கத்தில் நிற்பார்கள், அது போதும் என்றார் ஹெலன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

பூமணி அக்கா வண்ணக்கர் பக்கம் திரும்பினார். "கடல் கொண்டுபோன ஆக்கள நீங்க திருப்பித் தரப்போறதில்ல. இந்த ரெண்டு பேரையும் எனக்குத் தாங்க. நான் பானை வைக்கிறன்."

மீன், மச்சம் தின்னாமல் விரதம் இருப்பார்களா என்று மட்டும் வண்ணக்கர் கேட்டார். ஹெலன் இருபது வருடமாகச் சைவச் சாப்பாடுதான். அன்று காலையில்கூட நண்டுக் குழம்பு சாப்பிட்டவள் நான்தான்.

பொங்கலன்று ஒரு சைவப் பெண், ஒரு பேகன், ஒரு மெதடிஸ்ட் மூவரும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரே பானையை வைத்தோம். பால் பொங்கியபோது பூமணி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது, சந்தோஷமாக. மிச்சத் தோணிகளும் வாவியில் இறங்கின.

கதை அதோடு முடிந்திருக்கலாம். யுத்தம் முடிந்தபின் எனக்குக் கொக்கட்டிச்சோலையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் வீட்டு ஆளாகப் பூமணி அக்காவும் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளையின் தாய் தன் குடியைச் சொன்னார். பூமணி அக்காவின் அதே குடி. ஒரே குடிக்குள் கட்டினால் அண்ணனும் தங்கையும் கட்டிய மாதிரி. நான் அந்தக் குடிக்குப் பானை வைத்தவள் என்பது வாவிக்கு அக்கரையிலும் எல்லோருக்கும் தெரியும்.

பூமணி அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவ எங்கட குடியில்ல. உதவிக்கு வந்தவ. இவ விக்காக் குடி."

கல்யாணம் நடந்தது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். தாயின் குடிதான் பிள்ளைக்கு என்பதால், உலகத்தில் விக்காவுக்குப் பிறப்பால் வந்தவர்கள் இவர்கள் இருவராகத்தான் இருப்பார்கள் என்று என் கணவர் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்கிறார். போன பொங்கலுக்குப் பூமணி அக்கா அந்த இருவரையும்தான் பானைக்குக் கூட்டிப்போனார்.