பாதாளக் குகைக்குப் பணி ஒதுக்கீடு

எங்கள் இயக்குநரகத்தில் ஊழியர்களுக்கு ஒற்றுமை போதாது என்று இந்த வருஷம் கண்டுபிடிக்கப்பட்டது. போன வருஷம் சந்தோஷம் போதாது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதற்காகத் தினமும் காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் எல்லாரும் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. சிரிக்காத இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனதும், மீதிப் பேர் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த வருஷம் ஆன்லைன் விளையாட்டு. பெரிய கம்பெனிகளில் எல்லாம் இப்போது இதுதானாம். இயக்குநர் ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்தார்.

‘ஒவ்வொரு பிரிவும் ஐவர் குழு அமைத்து, மேற்படி விளையாட்டிலுள்ள பாதாளக் குகைக்குள் பிரவேசித்து, அங்குள்ள அரக்கர்களை ஒழித்து, அறிக்கை சமர்ப்பிக்க வேண்டியது’ என்று சுற்றறிக்கை வந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘குகைக்குச் சென்று வரப் பயணப்படி கிடையாது.’

நான் தபால் பிரிவில் தற்காலிக ஊழியர். ஆறு வருஷமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு கண்காணிப்பாளர் மேஜையில், அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் என் மாமியார் தினமும் கதவைத் திறக்கும்போதே, “ஆயிடுச்சா?” என்பார். “இல்ல அத்தை” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கோணிவிட்டது.

சுற்றறிக்கை வந்த அன்று கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீ இந்த விளையாட்டெல்லாம் ஆடுவியாமே?”

“ஆமா சார். வீட்டுக்காரரும் நானும் ஞாயித்துக்கிழமை ஆடுவோம். நான் அறுபதாவது லெவல் சார்.”

“நம்ம பிரிவை ஜெயிக்க வச்சுடு. அன்னைக்கே உன் கோப்புல கையெழுத்து.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விஷயம் ரொம்பச் சுலபம். ஆட்டத்தில் ஆளுக்கு நூறு புள்ளி தருவார்கள். பலம், தாங்குசக்தி, வேகம், அறிவு என்று அவரவர் வேலைக்குத் தக்கபடி பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பில்டு. குழுவில் ஒருவர் முன்னால் நின்று அடி முழுவதையும் வாங்குவார். அவரை டேங்க் என்பார்கள். ஒருவர் வைத்தியர். அவருக்கு அறிவு அதிகம் இருந்தால்தான் வைத்தியம் பலிக்கும். மற்ற மூவர் அடிப்பவர்கள். அவ்வளவுதான்.

அந்த ஒரு பக்கம் பதினேழு நாள் சுற்றியது.

முதலில் டேங்க். ‘ஒரு டேங்க் தேவை’ என்று பண்டகசாலைக்குக் குறிப்பு போயிற்று. ‘மொட்டை மாடியில் இரண்டு உள்ளன, ஒன்று ஒழுகுகிறது’ என்று பதில் வந்தது. ஒழுகாத டேங்குக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் பம்பு ஆபரேட்டர் அண்ணனைக் குழுவில் சேர்த்து உத்தரவு போட்டார்கள். பாவம், அந்த மனுஷர் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, இதுல நான் என்ன பண்ணணும்?”

“முன்னாடி நின்னு அடி வாங்கணும்ண்ணே.”

“அதைத்தானே முப்பது வருஷமா பண்றேன்? குழாய்ல தண்ணி வரலேன்னா எல்லாரும் என்னையத்தானே வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க!”

இப்படியாக எங்கள் குழுவில் சரியான இடத்தில் சரியான ஆள் தவறுதலாக அமைந்துவிட்டார். அவருடைய புள்ளிகளைப் பற்றி யாரும் கவலைப்படாததால், நூறையும் நான் சத்தமில்லாமல் தாங்குசக்தியில் போட்டுவிட்டேன்.

மற்றவர்கள் விஷயத்தில் அப்படி விட்டார்களா? தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அறிவு பதவிக்கு ஏத்தபடிதான் இருக்கணும்” என்றார். கண்காணிப்பாளருக்குத் தொண்ணூறு, தலைமை எழுத்தருக்கு அறுபது, தட்டச்சு அக்காவுக்கு முப்பது என்று பட்டியல் தயாரானது.

“சார், நான்தான் வைத்தியர். எனக்குத்தான் அறிவு வேணும்.”

“தற்காலிக ஊழியருக்கு அறிவு ஒதுக்க விதியில இடம் இல்லையேம்மா. நிரந்தரம் ஆகட்டும், பார்ப்போம்.”

“அப்ப என்னால ஒரு கொசுக்கடிக்குக்கூட மருந்து போட முடியாது சார்!”

“கொசு இல்லாத குகையா பார்த்துப் போவோம்.”

அதோடு விட்டார்களா? என் அறுபதாவது லெவல் அடுத்த பிரச்சினை ஆனது. கண்காணிப்பாளர் ஒன்றாவது லெவல். அவருக்குக் கீழே இருப்பவள் அவருக்கு மேலே இருப்பதா? ஆக நானும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஒன்றுக்குக் கீழே ஏதாவது உண்டா என்று தலைமை எழுத்தர் விசாரித்துப் பார்த்தார். இல்லை என்றதும் அவருக்கு மனசே ஆறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அறிவு கிடைக்காத கடுப்பில் நூறு புள்ளியையும் பலத்தில் கொட்டினேன்.

போட்டி நாளும் வந்தது. கூட்ட அரங்கில் பெரிய திரை. முன்வரிசையில் இயக்குநர். நாங்கள் ஐந்து பேர் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். கண்காணிப்பாளர் நாற்காலிக்கு மட்டும் துண்டு போட்டிருந்தது.

குகைக்குள் நாங்கள் பதவி வரிசைப்படி போகவில்லை. ஏனென்றால் ஆபத்தான இடம். பம்பு அண்ணன் முன்னால் போனார். அரக்கர்கள் ஓடி வந்து அவரைச் சாத்து சாத்து என்று சாத்தினார்கள். மனுஷர் அசையவில்லை. பின்னாலிருந்து நான் என் வைத்தியக் கம்பால் ஒவ்வொருத்தனையாகப் போட்டுத் தள்ளினேன். கண்காணிப்பாளர் தொண்ணூறு அறிவோடு ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, “நடக்கட்டும், நடக்கட்டும்” என்றார். இப்படியே கடைசி அறைக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு அரக்கன்தான், அப்புறம் அத்தையிடம் “ஆயிடுச்சு” என்று சொல்லிவிடலாம்.

கதவு திறந்தது. பனைமர உயரத்தில், கொம்போடு, கோடாலியோடு ஒருத்தன் வந்தான். இந்த ஆட்டங்களில் கடைசி அரக்கனுக்கு வழக்கமாகப் போடும் பெயர்தான் அவன் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: பாஸ்.

கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயையோ, பாஸ் வர்றாரு! யாரும் கை வைக்காதீங்க!”

“சார், அடிங்க சார்!” என்று கத்தினேன்.

“பைத்தியமா உனக்கு? பாஸுன்னு போட்டிருக்குல்ல?”

“வணக்கம் சொல்ற பட்டன் எது?” என்று தலைமை எழுத்தர் பதறினார். தட்டச்சு அக்கா காட்டிக் கொடுத்தார். மூன்று பேரும் வரிசையாக நின்று குனிந்து கும்பிட்டார்கள். பாஸ் கோடாலியைச் சுழற்றினான். தட்டச்சு அக்கா காலி. தலைமை எழுத்தர் காலி. “சார் ஏதோ கோபத்துல இருக்கார், அப்புறம் வந்து பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டே கண்காணிப்பாளரும் காலி.

நான் பல்லைக் கடித்தேன். “அண்ணே, தாங்கிக்குங்க!” என்றேன். அவர் தாங்கினார். ஆறு வருஷத்தையும் சேர்த்து நான் அடித்தேன். பாஸ் தொப்பென்று விழுந்தான். திரையில் ‘வெற்றி’ என்று மின்னியது.

அரங்கில் ஒரு கைதட்டல் இல்லை. இயக்குநர் மெதுவாகத் திரும்பி, “அந்த பாஸை அடிச்சது யாரு?” என்று கேட்டார்.

அன்று பரிசு வழங்கப்பட்டது. கும்பிட்ட நிலையில் உயிர் துறந்த மூவருக்கும் ‘பணிவுச் செம்மல்’ கேடயம். உத்தரவுப்படி அடி வாங்கியதோடு நின்றுகொண்ட பம்பு அண்ணனுக்குப் பாராட்டுக் கடிதம். பாஸை வீழ்த்திய மற்றப் பிரிவுகள் எல்லாவற்றிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. என்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்வதென்று முடிவானது. குற்றம்: மேலதிகாரி எனத் தெளிவாக எழுதியிருந்தும் அன்னாரை முப்பத்தாறு முறை தாக்கியது.

ஆனால் விதிப் புத்தகத்தைப் புரட்டிய தலைமை எழுத்தர் திகைத்துப்போனார். தற்காலிக ஊழியரைத் தற்காலிகமாக நீக்க விதியே இல்லை. நிரந்தர ஊழியரைத்தான் அப்படி நீக்கலாம். இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். கடைசியில் கண்காணிப்பாளர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கினார். கோப்பில் கையெழுத்து விழுந்தது. நிரந்தர உத்தரவும் நீக்க உத்தரவும் ஒரே உறையில் வந்தன.

“வாழ்த்துகள்மா” என்று கை கொடுத்தார் கண்காணிப்பாளர். “மேஜையைக் காலி பண்ணிடு.”

“ஆயிடுச்சா?” என்றார் மாமியார்.

“ஆயிடுச்சு அத்தை.”

“அப்ப ஏன் நாள் பூரா வீட்டுலயே இருக்கே?” என்று மறுநாள் கேட்டார்.

“நிரந்தரம்னா அப்படித்தான் அத்தை.”

அவர் நம்பிவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

மூன்று மாதம் கழித்து, ‘இனி எந்த பாஸையும் எந்தக் குகையிலும் அடிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்து வேலையில் சேர்ந்தேன். அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டுக்காரரோடும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரோடும் பழையபடி ஆட உட்கார்ந்தேன். நான்தான் வைத்தியர். கடைசி அறையில் பாஸ் வந்தான். என் விரல் தானாகப் போய் வணக்கம் பட்டனை அமுக்கியது. மருந்து போட ஆளில்லாமல் நான்கு பேரும் செத்து விழுந்தார்கள். நான் குனிந்தபடியே இருந்தேன்.

“என்னடி பண்றே?” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் வரவில்லை. வேலை நிரந்தரம் பாருங்கள், மனசு அப்படி லேசாக இருந்தது.

நீங்கள் சிரிக்காதீர்கள். நாளைக்குக் காலை உங்கள் ஆபீசில் பாஸ் உள்ளே வரும்போது நீங்கள் எந்தப் பட்டனை அமுக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும்.