குணசேகரன் சாரின் பத்து வார்த்தைகளும் மல்லிகாவின் முகூர்த்தப் புடவையும்

குணசேகரன் சார், என் மனைவி நெய்த முகூர்த்தப் புடவையை மணமேடை ஏறவிடாமல் செய்தது நீங்கள்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அன்றைக்கு வாயைத் திறந்தவன் நான். அந்த வாய்க்குள் வார்த்தைகளை அடைத்து அனுப்பியவர் நீங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குணசேகரன் சார் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டிபன் கடை மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த நான், முப்பத்தெட்டாவது வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். (மச்சினன் என் எதிரிலேயே போனில் இங்கிலீஷில் பேசிச் சிரித்தான். என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான்.)

சாரிடம் பாடப் புத்தகம் கிடையாது. ஆங்கிலப் பேப்பரில் செயற்கை நுண்ணறிவு பற்றியும் அரசாங்கத்தின் கொள்கைகள் பற்றியும் வரும் செய்திகளை வெட்டி எடுத்து வருவார். அதிலிருந்து தினமும் பத்து வார்த்தை, வார்த்தைக்கு ஒரு வாக்கியம். "நாளைக்கு உங்க தறியாண்டையே ஏஐ வந்து நிக்கும்பா. அப்ப இன்னா பேசுவ? அந்த நியூஸை வெச்சே கத்துக்க" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே நடந்தது.

நான் மனப்பாடம் செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் டிசைன் அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். காலுக்கு அடியில் இருக்கும் மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை திரும்பும். எந்த அட்டைக்குப் பிறகு எது என்பது மாறவே மாறாது. நான் அந்த வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தறிக்கட்டையில் வரிசையாக ஒட்டிவைத்தேன். ஒரு மிதி, ஒரு வாக்கியம். மூன்று மாதத்தில் சீட்டைப் பார்க்காமலே எல்லாம் வந்தன. என்னைப் போல் புத்திசாலி இந்தத் தெருவிலேயே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். பக்கத்துத் தறியிலிருந்து மல்லிகா ஒருநாள் சொன்னாள்: "வாய்ல இங்கிலீஷு ஓடுது. புடவையில கரை கோணிக்கினு போவுது. அதைப் பாருங்க."

அவள் சொன்னது உண்மை. கரையும் உடலும் சேரும் இடத்தைக் கோர்வை என்போம். மல்லிகாவின் கோர்வை அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு. என்னுடையது அடைமழையில் நெளிகிற மண்புழு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த ஏஐ கேமரா வந்தது. புடவையை அதன் கீழே விரித்தால், கைத்தறியா விசைத்தறியா என்று அதுவே சொல்லிவிடும். கைத்தறி என்று சொன்னால்தான் முத்திரை. என் மண்புழுப் புடவைக்கு இரண்டே நொடியில் முத்திரை கொடுத்தது. மல்லிகாவின் புடவையை விசைத்தறி என்றது. இவ்வளவு நேராக மனிதக் கை நெய்யாது என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அது சாதாரணப் புடவை இல்லை. வாலாஜாபாத்தில் இருக்கும் அவளுடைய சித்தி பேத்திக்கு முகூர்த்தப் புடவை. முத்திரை இல்லாத பட்டு மேடைக்கு வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மல்லிகா சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

குறை கேட்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் மல்லிகாவும், அவள் மடியில் புடவை. பின்னால் நாற்பது நெசவாளர்கள். மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். "வேணாம்மா, நானே பேசிக்கிறேன்" என்றேன். (அந்தப் பெண் காபி குடிக்கப் போய்விட்டாள். அவளை இன்றைக்கும் கனவில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.)

சொல்ல வேண்டியது ஒரே விஷயம். உங்கள் மிஷின் தப்பாகச் சொல்கிறது, வீட்டுக்கு வந்து தறியைப் பாருங்கள். 'ராங்' என்ற சொல் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். டெல்லி அதிகாரியிடம் போய் அவ்வளவு சின்ன வார்த்தையைச் சொல்வதா என்று நினைத்தேன். பெரிய வார்த்தை எதையாவது தேடினேன். மல்லிகா என் முகத்தையே பார்த்தாள்.

மேசைக்கு அடியில் என் கால் தானாக ஒரு மிதி மிதித்தது.

"வீ வெல்கம் திஸ் ரோபஸ்ட் ஃபிரேம்வொர்க்" என்றேன். வலுவான இந்த ஏற்பாட்டை வரவேற்கிறோம் என்று அர்த்தம். அதிகாரி மலர்ந்துபோய்ப் பேனாவை எடுத்தார்.

நிறுத்தப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. திட்டம் படிப்படியாக நாடு முழுவதும் விரிவாகும் என்றேன். வெளிப்படைத்தன்மையில் இது ஒரு மைல்கல் என்றேன். ஏதோ விபரீதம் என்று மல்லிகாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை அடக்குவதற்காக மேசைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தாள்.

அடுத்த அட்டை திரும்பியது.

சம்பந்தப்பட்ட அனைவரும் முழு ஒத்துழைப்பு தருவார்கள் என்றேன். அவள் இன்னும் பலமாக மிதித்தாள். இதனால் பயனடைவோர் மனமார நன்றி சொல்கிறார்கள் என்றேன். பின்னால் இருந்த நாற்பது பேரும், நான் சண்டை போடுகிறேன் என்று நம்பிக் கை தட்டினார்கள். அதிகாரி எழுந்து என் கையைக் குலுக்கினார்.

மறுநாள் சங்கப் பலகையில் கூட்டக் குறிப்பை ஒட்டினார்கள். நெசவாளர் பிரதிநிதி திட்டத்தை வரவேற்றார், புகார் ஏதுமில்லை. படித்துவிட்டுத் தலைவர் என்னிடம் வந்தார். "இன்னாபா, நீ யாரு ஆளு?" என்று மட்டும் கேட்டார்.

வாலாஜாபாத் கல்யாணத்தில் அந்தப் பெண் என் மண்புழுப் புடவையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். அதில்தான் முத்திரை இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முத்திரைமேல் போனைக் காட்டிச் சரிபார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மல்லிகா அந்த முத்திரையில்லாத புடவையைத் தானே கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பந்தியில் நாலு பெண்கள் அதன் கரையைத் தடவிப் பார்த்து எந்தக் கடை என்று கேட்டார்கள். "மிஷின்ல நெய்ஞ்சதுக்கா. இவரே டெல்லிக்காரர்கிட்ட ஒத்துக்கினாரு" என்று என்னைக் கை காட்டினாள்.

இப்போது வீட்டில் குழம்பில் உப்பு அதிகமானால் நான் எதுவும் சொல்ல முடியாது. "இன்னா, வெல்கமா?" என்று கேட்டுக்கொண்டே மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதிக்கிறாள். மச்சினனும் மிதிக்கிறான்.

சார், உங்கள் வகுப்பில் எழுதிய நோட்டை மறுபடி புரட்டினேன். தொள்ளாயிரம் வார்த்தைகள். வரவேற்க, பாராட்ட, ஒத்துழைக்க, நன்றி சொல்ல எல்லாவற்றுக்கும் வாக்கியம் இருக்கிறது. இது தப்பு, நிறுத்து, எங்களைக் கேட்டாயா என்பதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்தச் செய்திகளில் அப்படி யாருமே பேசவில்லையா? இல்லை, பேசியதை நீங்கள் வெட்டி எடுக்கவில்லையா? வரும் திங்கட்கிழமை, வகுப்பு முழுவதும் கேட்க, கரும்பலகைக்கு முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும். முதல் பெஞ்சில் நான் இருப்பேன். என் பக்கத்தில் அந்தப் புடவையோடு மல்லிகா இருப்பாள்.