சலூன் கதிரையும் மாமனார் முதுகும்

பெண்சாதி புஷ்பத்துக்குப் பயப்படாமல் ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குள் வைத்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு எடுத்தேன். எடுத்த முடிவை அவள் காதில் விழாமல், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. மற்றபடி முடிவு உறுதிதான்.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம் அது. அவர்கள் விட்டுப்போன அலுமாரியும் பியானோவும் மான்கொம்பும் கண்டியில் ஒரு சந்துக்குள் வந்து குவிந்தன. நான் முனிசிபல் கந்தோரில் கிளார்க். சனிக்கிழமை அரைநாள் வேலை. மீதி அரைநாள் அந்தச் சந்தில்தான். ஒரு கடையில் சாவி இல்லாத பூட்டுகள். எதிர்க்கடையில் பூட்டு இல்லாத சாவிகள். இரண்டு முதலாளிமாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கடைசிக் கடை சாஹுல் ஹமீது நானாவுடையது. அங்கேதான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். துரைமார் சவரம் செய்துகொண்ட ஹோட்டல் சலூன் கதிரை. சிவப்புத் தோல். கைப்பிடியை இழுத்தால் சாயும், தள்ளினால் சுற்றும். அது கிடைக்காவிட்டால் என் கதி என்ன என்று நினைத்தேன்.

நானா லேசில் சாமான் விற்கமாட்டார். பெண் கொடுக்கிற மாதிரி விசாரிப்பார்.

"எங்க வெப்பீங்க?"

"முன் அறையில."

"மழை அடிக்குமா?"

"அடிக்காது."

"பெண்சாதி சம்மதமா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க தம்பி. வீட்டுக்காரிக்குப் பிடிக்காத வீட்டுக்கு ஒரு பியானோ குடுத்தேன். இப்ப அதுல கோழி முட்டை போடுது."

ஏற்கனவே எங்கள் வீட்டில் ஓடாத மணிக்கூடு, பாடாத றேடியோ, மூக்கு இல்லாத வெண்கல நாய் எல்லாம் இருக்கின்றன. இனி ஓர் ஆணிகூட வாசல் தாண்டக்கூடாது என்பது புஷ்பத்தின் உத்தரவு. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவோடு ஒரு திட்டமும் போட்டேன்.

"புஷ்பம், மாமாவுக்கு முதுகு வலியாம்."

"யாரு சொன்னா?"

"உங்க ஊர் நாவலப்பிட்டியில இருந்து வந்த ஒருத்தர்."

"ஒருத்தர்னா?"

"பேரு கேக்கல. அவரும் முதுகைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நின்னாரு. ஒரு கதிரை பாத்து வச்சிருக்கேன். சாஞ்சா முதுகுக்கு அவ்வளவு சுகம். மாமாவுக்கு வாங்கிக் குடுக்கலாம்னு."

மாமனார் பேரில் வாங்கி, முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு அவருக்குக் குணமாகிவிட்டதாகச் செய்தி வரவைப்பதுதான் திட்டம். புஷ்பம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்பாவின் முதுகைப் பற்றி நான் பேசியது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசுங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சந்துக்குள் நுழைந்தோம். அவளை இழுத்துக்கொண்டு நேரே நானா கடைக்கு ஓட வேண்டும் என்றிருந்தது எனக்கு. அவளோ ஒவ்வொரு கடையாக நின்றாள். பூட்டுக் கடையில் ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து, "அண்ணே, கொஞ்சம் குடுங்க" என்று எதிர்க்கடைக்குக் கொண்டுபோனாள். சாவி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று திறந்தது. பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சாவிக்காரர் மெல்லச் சிரித்தார். நாங்கள் நகர்ந்தபோது இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பூட்டுகளுக்குச் சாவி பொருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது. அன்றைக்கு மட்டும் அந்தச் சாமர்த்தியம் வேண்டாமே என்றும் இருந்தது.

நானா அவளைக் கதிரையில் உட்காரவைத்தார். கைப்பிடியை இழுத்துச் சாய்த்தார்.

"எப்படி ஈக்கி தங்கச்சி?"

"சுகமா இருக்கு நானா. எங்கப்பாவுக்கு. இவருதான் ஆசைப்பட்டு வாங்கித் தாறாரு."

நானாவின் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாமனாருக்குச் செய்ற மருமகன இந்தக் காலத்தில எங்க பாக்க? எடுத்துட்டுப் போங்க தம்பி."

நான் பணத்தைக் கொடுத்தேன். கதிரையை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிப்பதற்குள், சந்து வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. நாவலப்பிட்டிக்குச் சாமான் ஏற்றும் டிரைவர் சின்னமுத்து தலையை நீட்டினான்.

"அக்கா, புதன்கிழமை வந்து சொன்னீங்களே, நாவலப்பிட்டிக்கு ஒரு கதிரைன்னு. இதானா?"

"இதேதான் தம்பி. தோலு கிழியாம ஏத்துங்க."

பூட்டுக்காரரும் சாவிக்காரரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். நானா சாக்குப் போட்டுக் கட்டினார். நானும் ஒரு கை கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா, நல்ல மருமகன். கதிரை ஒருமுறை சுற்றி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

புஷ்பம் என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனாள். எனக்குப் பிடித்த உளுந்து வடையை அவளே எடுத்து என் பீங்கானில் வைத்தாள். நான் அதை இரண்டாகப் பிட்டு வைத்தேன்.

"புஷ்பம், உங்கப்பாவுக்கு முதுகு வலியே இல்லாம இருந்தா?"

"ஆள் அனுப்பிக் கேட்டேங்க. முதுகு வலியெல்லாம் இல்லையாம். கதிரைய மட்டும் அனுப்பச் சொன்னாரு."