யோகப்பிரியா சுழற்பொறி கொண்ட படலம்

எருத்தேன்பதிச் சிற்றூர் ஈன்ற ஏந்திழை, வெள்ளைக்கோட்டுக் கவசம் பூண்ட வீராங்கனை, தாவரவியல் ஆய்வு மாணவி யோகப்பிரியா வாழ்க! இலைச்சாற்றில் வெள்ளியுப்பைக் கலந்து, கண்ணுக்கெட்டா வெள்ளி நுண்துகள்களை விளைவித்து, அவற்றின் அளவொப்புமையால் எச்செடிக்கு எச்செடி உறவென்று குலமுறை கிளத்தத் துணிந்த அவள் கொற்றம் ஓங்குக!

தன் தோட்டத்து மஞ்சள் செடியின் இலையில் துகள் கண்டுவிட்டாள். கம்பம்மெட்டுக் குளிர்மலை ஏறி, அட்டைகளுக்குக் குருதிக் கப்பம் கட்டிக் கவர்ந்து வந்த ஏலக்காய்ச் செடி இலையின் சாறோ, பழுப்புப்பொன் நிறங்கொண்டு குழாயில் காத்திருந்தது. மறுநாள் ஆய்வுக்குழு கூடுகிறது. ஏலத்தின் துகளைக் காட்டாவிடில் இம்முறையையே கைவிடுக என்பது வழிகாட்டிப் பேராசிரியை ராஜஸ்ரீயின் ஆணை. இன்றோ நான்கு மணிக்கு மின்சாரம் நிற்கும் என்பது அறிவிப்பு.

ஊழிக்காற்றெனச் சுழன்று திரவத்தினின்று துகளைப் பிரிக்கும் சுழற்பொறி நோக்கி அவள் பாய்ந்த அக்கணமே, எதிர்வாயில் வழியே பாய்ந்தான் கல்பாத்திக் காளை, மரபணுவன்றி வேறு சான்று ஏற்காத மாற்றான் அனந்த், அதே ஏலத்தின் மரபணுக் குழாயை வேலென ஏந்தி! எஞ்சியதோ ஒரே ஓட்டத்துக்கான நேரம். பழுதுறாக் குழிகளோ எதிரெதிரே இரண்டு. ஒன்றில் ஆய்வுக்குழாய், மற்றதில் எடை சமன்செய்யத் தண்ணீர்க்குழாய் என்பது பொறியின் நியதி. ஒரு கரும்பை இரு யானைகள் பற்றினாற்போல் மூடியைப் பற்றினர் இருவரும்.

“ஏனுங்க, மொதல்ல வந்தது நானுங்க!” என முழங்கினாள் யோகப்பிரியா.

“நான் கார்த்தாலேர்ந்து காத்துண்டிருக்கேன்! வெள்ளி பளபளத்தா செடியெல்லாம் சொந்தமாயிடுமா?” என இடித்தான் அனந்த்.

“ஆவுதா இல்லையான்னு பாக்கத்தானுங்க சுத்தோணும்!”

அப்போது அவள் விழி, இருவர் இடக்கையிலும் வீணே தளும்பிய தண்ணீர்க்குழாய்களில் வீழ்ந்தது. அடக்கவொண்ணாச் சிரிப்பு அணையுடைந்து பெருகிற்று. “இந்தத் தண்ணி எதுக்குங்க? என்ற டியூபுக்கு எதுக்க உங்க டியூபையே வெச்சுப்போடலாமுங்க!”

தராசேறின குழாய்கள். அவனது சற்றே இளைத்தது. கர்வம் தணிந்து அவனே தன் குழாயில் ஒற்றைத் துளி நீர் வார்க்க, எண்கள் ஒத்தன. மூடி இறங்கியது. பொறி முழங்கியது. பகைவர் இருவரின் குழாய்களும் ஒன்றையொன்று தாங்கிச் சூறாவளியாய்ச் சுழன்றன!

மறுநாள் மஞ்சளின் துகளும் ஏலத்தின் துகளும் ஏறக்குறைய ஒரே அளவினவாய்த் திரையில் ஒளிர, ராஜஸ்ரீ ஆய்வைத் தொடரப் பணித்தார். “மரபணுவும் அதேதான் சொல்றது, ரெண்டும் ஒரே குடும்பம்தான்” என்று அனந்த் அவையறிய ஒப்பினான். வெற்றிக்களிப்பில் திசைகள் அதிர, தோளோடு தோள் நடந்து, படிகளை இரண்டிரண்டாய்த் தாவி, வாழைப்பழ பஜ்ஜியாம் பழம்பொரி வேட்டு இருவரும் கேன்டீனை முற்றுகையிட்டனர்.

பழம்பொரி தீர்ந்துபோயிருந்தது.