முன்னறையும் மூன்று சொற்களும்

இந்த வீட்டில் இனி ஆங்கிலம் மட்டுமே; அதிலும் 'ஏ', 'ஆன்', 'தி' மூன்றும் அதனதன் இடத்தில் உட்காராமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிழை ஒன்றுக்கு முகத்தில் ஒரு பூச்சு பவுடர். இப்படி ஒரு சட்டம் போட்டேன். போடும்போது என் புத்தி எந்தப் புல் மேயப் போயிருந்ததோ!

எங்கள் பாரே ஊரில் தெருவுக்குப் பத்து ஆங்கில வகுப்பு. ஜாவா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் மாதாமாதம் பத்தாம் தேதி பெட்டியோடு வந்து இறங்குவார்கள். என் முன்னறையில் இந்த மூன்று சொற்கள் மட்டும்தான் பாடம். மாணவர்கள் நால்வர்; அவர்களுக்கும் ஊருக்கும் நான் 'மிஸ்டர்'. எங்கள் மொழியில் இவை கிடையாது. வாழைப்பழம் என்றால் வாழைப்பழம், அவ்வளவுதான். அதனால் அந்தக் கரும்பலகை முன் நிற்கும்போதுதான் நானும் ஓர் ஆள். என் மனைவி பார்த்தினிக்கோ அந்த அறையை வாடகைக்கு விட வேண்டும்.

"நாலு பேருக்கு எதுக்கு மிஸ்டர் இவ்ளோ பெரிய ரூம்? ஆறு பொண்ணுங்க தாராளமா தங்கலாம்."

"இது பள்ளிக்கூடம்டி!"

"நேத்து பள்ளிக்கூடத்துல வாத்தியாரே குறட்டை விட்டாரே?"

தினமும் காலையில் இதே பாட்டு. அவள் வாயை அடைக்கத்தான் சட்டம். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"வீட்டுக்கு வெளிய?"

"எந்த மொழியில வேணும்னாலும் பேசு."

"சரிங்க மிஸ்டர்."

அதோடு வீட்டுக்குள் பேச்சை நிறுத்தியவள்தான். முதல் நாள் எனக்குத் திருவிழா. இரண்டாம் நாள், சுத்தமான ஆங்கிலத்தில் உப்பு குறைவு என்றேன். உப்பு ஜாடியை நகர்த்தினாள். வேலியோரம் பக்கத்து வீட்டு லாஸ்மியோடு மணிக்கணக்கில் பேசிச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் என்னைத் திட்டிய குரல்! அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. வேண்டுமென்றே பிழை செய்து, முகமெல்லாம் பவுடர் பூசி அவள் முன் நின்றேன். துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பத்து நாள் போனது. பத்தாம் தேதி காலை, வாசலில் ஆறு பெண்கள், ஆறு பெட்டிகள். வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தினி எங்கள் ஜாவா மொழியிலேயே கூப்பிட்டாள்.

"என்னங்க, முன்னறையைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுக்கறீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். கரும்பலகையை நானே சுமந்துபோய்க் கோழிக்கூட்டில் சாய்த்துவைத்தேன். லாஸ்மி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ்டர், இந்தப் பொண்ணுங்களுக்கு பார்த்தினி எப்ப ரூம் பேசி முடிச்சா தெரியுமா?"

"நேத்தா?"

"நீங்க சட்டம் போட்ட அன்னிக்கே. 'பத்து நாளுக்கு மேல அந்த மனுஷன் தாங்க மாட்டார்'னு சொல்லிட்டுத்தான் போன் பண்ணினா."